முஸ்தபா விளையாட்டுப் பலகையும் ஏட்டுச்சுவடியும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் ஏட்டுச்சுவடியைப் பற்றி எழுதுவது மரபு. நாணயம் இட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், எழுதப்பட்டதை அழியாமற் காக்கும் பணி எங்கு நடைபெறினும் அது நம் துறைக்கு அயலானதன்று என்னும் துணிவால் இக்கட்டுரையை எழுதத் தலைப்பட்டோம்.

1993ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்பார் படைத்த அமெரிக்கப் படக்கதையைத் தழுவியது அது. அதன் முதன்மைப் பாத்திரங்கள் நால்வருள் ஒருவன் முஸ்தபா. நம் நாட்டு இளைஞர்கள் வாயில் நுழையாத நெடும்பெயரை விடுத்து, அதனை 'முஸ்தபா கேம்' என்றே வழங்கினர். அக்காலத்தில் பள்ளி மாணவராயிருந்த நாமும் கையில் நாணயத்துடன் அப்பெட்டியின்முன் காத்து நின்றவர்களே.

பலகை உற்ற நோய்

திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகரில் நம் பழைய மாணவர் ஒருவர், வீட்டின் முன்னறையில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து வருகிறார். மூடப்பட்ட விளையாட்டுக் கடை ஒன்றிலிருந்து வந்த முஸ்தபா பலகையை அண்மையில் அவர் மேசைமேற் கண்டோம். மின்சாரம் பாய்ந்தது; ஐந்து வோல்ட் அழுத்தமும் சரியாகவே இருந்தது. ஆயினும் திரையில் உருவங்கள் சிதறின, ஓசை எழவில்லை. எந்த உறுப்பு எரிந்தது என்று வினவினோம். "எதுவும் எரியலை சார். ஐ.சி. தனக்குள்ள இருந்ததை மறந்திருச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் கூற்று முற்றிலும் மெய்யே. பிறர் படியெடுத்து விற்பதைத் தடுக்கும் பொருட்டு, இவ்வகைப் பலகையின் ஓசைப் பகுதியில் 'கபூகி' என்னும் தனிச்சில்லு அமைக்கப்பட்டது. இசட்-80 என்னும் பொதுச்சில்லின் மாற்றுருவம் அது. அதற்குரிய நிரல் மறைகுறியாக எழுதப்பட்டிருக்கும். அம்மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோல் சில்லின் நினைவகத்தில் தங்கியிருக்கும். அந்நினைவகத்தைத் தாங்கி நிற்பது சிறு மின்கலம் ஒன்று. சில ஆண்டுகளிற் கலம் தீரும், திறவுகோல் மறையும், நிரல் இருந்தும் படிப்பாரற்றுப் போகும். திரையில் உருவங்களை அடுக்கும் சில்லும் தன் அமைவுக் குறிப்புகளை அவ்வாறே மின்கலத்தின் துணைகொண்டு காத்து வந்ததாகும். பழுதுபார்ப்போர் இதனைத் 'தற்கொலை மின்கலம்' என்று அழைப்பர்.

புள்ளியில்லா எழுத்தும் மறைகுறியும்

மறைகுறியின் இயல்பு தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பது. நிரலின் ஒவ்வோர் அலகும் எட்டுத் துகள்களால் ஆனது. அவ்வெட்டினை நான்கு இணைகளாகக் கொண்டு, ஓர் இணையின் இரு துகள்களும் இடம்மாறுவதோ மாறாதிருப்பதோ, அவ்வலகு நிற்கும் இடத்தையும் அது கட்டளையா தரவா என்பதையும் பொறுத்து அமையும். ஆகவே ஒரே அலகு ஓரிடத்தில் ஒன்றாகவும் பிறிதோரிடத்தில் வேறொன்றாகவும் படிக்கப்படும்.

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியது. அதில் உள்ளது 'க' என்பதா 'க்' என்பதா என்பதை எழுத்தைக் கண்டு துணிய இயலாது. இடம் நோக்கியே துணிதல் வேண்டும். ஏட்டைப் படிக்கவல்லார் மறைந்தபின் ஏடு இருந்தும் பயனில்லை. கபூகியின் நிலையும் அதுவே.

மருத்துவம்

இந்நோய்க்கு மருந்து கண்டோர் ஆர்வலர்களே. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997இல் தொடங்கிய 'மேம்' என்னும் திட்டம், பழைய விளையாட்டுப் பலகைகள் இயங்கும் முறையைக் கணிப்பொறியில் ஆவணப்படுத்துவது. அதன்வழிக் கபூகியின் மறைகுறி விளங்கியது. இன்று அவிழ்த்த நிரலைப் புதிய நினைவுச் சில்லில் எழுதி, கபூகியின் இடத்திற் பொது இசட்-80 சில்லைப் பொருத்தலாம். கட்டளைக்கு ஒன்றும் தரவுக்கு ஒன்றுமாக இரு படிகளை எழுதி, எது வேண்டும் என்பதைச் சில்லின் கால் ஒன்றே தெரிவுசெய்யுமாறு கம்பி இணைப்பர்.

நம் மாணவர் நாற்பது கால்களிலிருந்தும் ஈயத்தை ஒவ்வொன்றாக உறிஞ்சியெடுத்து, பலகையின் செம்புக்கோடு பெயராவண்ணம் பழஞ்சில்லைக் கழற்றினார். அவ்விடத்தில் நேரே பற்றவைக்காது சாக்கெட் ஒன்றைப் பொருத்தினார். கழற்றிய சில்லை எறியாது சிறு டப்பாவில் இட்டுப் பெயரெழுதி வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. காப்காமின் அடுத்த தலைமுறைப் பலகைகளுக்குத் திறவுகோலை மீண்டும் ஊட்டும் வழியை 2016இல் ஆர்வலர் குழு ஒன்று வெளியிட்டது. இன்று செத்ததென எண்ணுவது நாளை உயிர்பெறலாம்.

பொதுச்சில்லும் இனி எளிதிற் கிட்டாது. 1976இல் வெளிவந்த இசட்-80இன் உற்பத்தியை நிறுத்துவதாக ஸைலாக் நிறுவனம் 2024இல் அறிவித்தது. பழைய இருப்பையும், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிட்டும் கழற்றிய சில்லுகளையும் நாடுதல் வேண்டும்.

நினைவுச் சில்லுகளும் மூப்படைவன. அவற்றுட் சிறைப்பட்ட மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். ஒரு துகள் மாறினும் நிரல் பிழைபடும். எனவே பல பலகைகளின் சில்லுகளைப் படித்து ஒப்புநோக்கியே மெய்ப்பாடத்தைத் துணிவர். பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் நெறியும் இதுவன்றோ!

பூட்டும் படியும்

ஈண்டு எண்ணத்தக்க முரண் ஒன்றுண்டு. முறைகேடாகப் படியெடுத்த பலகைகளில் கபூகிச் சில்லும் இல்லை, அதனைக் காக்கும் மின்கலமும் இல்லை. ஆதலின் அசல் ஊமையானபின்னும் அவை ஓடின. கள்ளப்படியை நாம் போற்றவில்லை. படைத்தவர் உரிமை காக்கப்படுதல் அறமே. ஆனால் காக்கும் பூட்டுக்கு மாற்றுத் திறவுகோல் எங்கேனும் வைக்கப்படவில்லையெனின், அப்பூட்டே பொருளை அழித்துவிடும்.

இதனை எங்கள் இல்லத்திலேயே கண்டோம். பாட்டனார் தம் கையால் எழுதிய அரபுத்தமிழ்க் குறிப்பேடு ஒன்றை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். படியெடுக்க ஒருவர் கேட்டபோது, கெட்டுவிடும் என்றஞ்சி மறுத்தார். அவர் காலத்துக்குப்பின் பெட்டியைத் திறந்தபோது கரையான் அரித்த ஓரங்களே எஞ்சின. அதில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதைச் சொல்ல இன்று ஒருவரும் இலர்.

முடிவுரை

ஓலையாயினும் தாளாயினும் சில்லாயினும் தானே நிலைத்து நிற்பதில்லை; உரிய காலத்திற் படியெடுக்கப்பெற்றதே நிற்கிறது. தத்தம் இல்லங்களிற் பழஞ்சுவடியும் கையேடும் வைத்திருக்கும் பெரியோர்கள், பெட்டியை மீண்டும் பூட்டுமுன் நம் மாணவர்களை அழைத்து ஒரு படி எடுக்க இசைவளிக்க வேண்டுகிறோம். மூலம் அவர்களிடமே இருக்கட்டும். மாணவர்களும் பணிவோடும் பொறுமையோடும் அப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். அப்பொறுமைக்குச் சான்று, திருநகரின் சிறு முன்னறையில் நாற்பது கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றியவரே.