முதலில் உனக்கு, பிறகு பிள்ளைக்கு

மதுரை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. வளைகாப்பு முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து உன் நினைப்புதான். பிள்ளைக்கு உன் கையாலேயே ஏதாவது தைக்க ஆசை, தையல் மிஷின் வாங்கட்டுமா, என்னென்ன தைக்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு தை.

மிஷின் வேண்டாம். மெல்லிய ஊசி இரண்டு, வெள்ளைப் பருத்தி நூல்கண்டு ஒன்று, நல்ல கத்தரிக்கோல், ஒரு இஞ்ச் டேப் போதும். ஊசி வாங்கும்போது 9 அல்லது 10-ஆம் நம்பர் கேள். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். நாலு தையல் தெரிந்தால் காரியம் நடக்கும். சேர்த்துப் பிடிக்க ஓட்டுத் தையல், உறுதிக்குப் பின்தையல், ஓரம் மடிக்க ஹெம்மிங், விளிம்பை மூடக் கம்பளித் தையல். நூலை முடிக்கும் இடத்தில் பெரிய முடிச்சுப் போடாதே. அதே இடத்தில் இரண்டு மூன்று தரம் ஊசியை ஓட்டி நறுக்கிவிடு. பிள்ளையின் தோலில் சின்ன முடிச்சுகூட உறுத்தும்.

எதைத் தைப்பதற்கு முன்னும் உன்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள். நடுராத்திரியில், அரைத் தூக்கத்தில், ஒரு கையில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இதை எடுத்துப் போட முடியுமா? தினமும் வாளியில் அலசிப் பிழிந்தால் தாங்குமா? பிள்ளை வாயில் வைத்தால் பயமில்லாமல் இருக்க முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தை. போட்டோவில் அழகாக விழும் என்பதற்காக மட்டும் எதையும் தைக்காதே.

துணிக்குக் கடை ஏற வேண்டாம். உன் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கு. பலமுறை துவைத்ததில் கஞ்சி போய், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, மெத்தென்று ஆகியிருக்கும். புதுத் துணிதான் கிடைத்தது என்றால் இரண்டு மூன்று தரம் வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகே கத்தரியை வை. இல்லாவிட்டால் தைத்த உடுப்பு முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். பழைய சுங்குடிச் சேலையும் ஆகும். ஆனால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடு. ஜரிகைக் கரையும் பாலியஸ்டர் கலந்ததும் வேண்டாம்.

பிள்ளை பிறக்கும் முன்னே உடுப்புச் சேர்க்கக் கூடாது, பெயர் வைக்கும் வரை புதுத்துணி போடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லலாம். அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடிப்பதைப் புது உடுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி தையலுக்கு வருகிறேன். முதலில் உனக்குத் தை. பிள்ளை பிறந்தால் வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளைக்குத்தான் சட்டையும் தொப்பியும் கொண்டுவருவார்கள். பெற்றவளுக்கு ஒரு முழம் துணி கொண்டுவர யாருக்கும் தோன்றாது.

பால் சுரக்கத் தொடங்கியதும் ஜாக்கெட் நனையும். கடையில் அதற்கு பேட் விற்கிறார்கள். அதை நீயே செய்யலாம். டபராவைக் கவிழ்த்து வேட்டித் துணியில் பென்சிலால் வட்டம் போடு. ஒரு பேடுக்கு ஐந்து வட்டம்: மேலும் கீழும் வேட்டித் துணி, நடுவில் மூன்றும் பழைய பூத்துவாலையிலிருந்து வெட்டியது. அடுக்கி, நடுவில் ஒரு சுற்று ஓட்டுத் தையல் போட்டு, விளிம்பைக் கம்பளித் தையலால் மூடிவிடு. பன்னிரண்டு பேட் இருந்தால் துவைத்துக் காயவைத்து மாற்றச் சரியாக இருக்கும். நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். ஈரத்தோடு வைத்திருந்தால் காம்பு புண்ணாகும். துவைக்கும்போது கம்போர்ட் மாதிரி எதையும் ஊற்றாதே. துணி வாசனையாக இருக்கும், ஆனால் ஈரத்தை இழுக்காது.

பழைய நைட்டி இரண்டை எடுத்து மார்புப் பக்கம் ஜிப் வைக்கச் சொல்லி தெருமுனை டெய்லரிடம் கொடு. ஜிப்பைக் கையால் வைப்பது சிரமம். அதற்கு நீ கஷ்டப்பட வேண்டியதில்லை. முன்பக்கம் கொக்கி உள்ள ஜாக்கெட்டுகளைப் பிரித்துச் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொள்.

இன்னொன்றும் உனக்கானதுதான். பழைய பருத்திச் சேலையில் பாதியை எடுத்து, வெட்டிய பக்கத்தை மட்டும் மடித்துத் தைத்து வை. பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால், தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கங்காரு முறை என்று பெயர். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில், இன்குபேட்டர் போதாமல் டாக்டர்கள் தொடங்கியது. இன்று ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அப்படி வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கட்டும் விதத்தை நர்ஸிடம் கற்றுக்கொள். பிள்ளையின் முகம் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது. எடை சரியாக இருந்தாலும் அந்தத் துணி வீணாகாது. பால் கொடுக்கும்போது மறைத்துக்கொள்ள ஆகும்.

அடுத்தது பிள்ளைக்கு. இடுப்புத் துணிதான் முதல் தேவை. முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தரமாவது ஈரம் செய்யும். அநேகமாக அதைவிட அதிகம்தான். நாலு முழ வேட்டி ஒன்றில் 60 சென்டிமீட்டர் சதுரமாக ஆறு துண்டு எடுக்கலாம். நாலு வேட்டி இருந்தால் இருபத்து நாலு, மழைக்காலத்துக்கும் போதும். கத்தரியால் ஓரத்தில் சின்ன வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் கிழி. இழை பிடித்து நேராகக் கிழியும், அளவுகோல் வேண்டாம். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து ஹெம்மிங் செய். சதுரத்தை முக்கோணமாக மடித்து, இரண்டு முனையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மூன்றாவதைக் காலிடுக்கு வழியாக எடுத்து முடிந்தால் வேலை முடிந்தது. ஊக்கு வேண்டாம்.

பிறகு ஜப்லா. 26 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டு. நீளத்தில் பாதியாக மடித்தால் மடிப்புதான் தோள். மடிப்பின் நடுவில் கழுத்துக்கு 10 சென்டிமீட்டர் அகலம், முன்பக்கம் 4 சென்டிமீட்டர் ஆழம், பின்பக்கம் 2 சென்டிமீட்டர் வளைத்து வெட்டு. முன்பக்கத்தை மட்டும் கழுத்திலிருந்து அடிவரை நடுவில் நேராகத் திற. இரண்டு விலாப் பக்கமும் மேலே 10 சென்டிமீட்டர் கை நுழைய விட்டு, மீதியைப் பின்தையலால் மூடு. மற்ற எல்லா ஓரமும் ஹெம்மிங். பிறந்த பிள்ளையின் மார்பளவு 33 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்பதால் இது தாராளமாகவே வரும். மூன்று மாதம் ஓடும்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. கடையில் வாங்கும் ஜப்லாவுக்குப் பெரும்பாலும் முதுகில் முடிச்சு இருக்கும். மல்லாந்தே படுத்திருக்கிற பிள்ளைக்கு அது உறுத்தும். அதனால்தான் முன்பக்கம் திறக்கச் சொன்னேன். நாடாவை நெஞ்சுக்கு நேரே வைத்துத் தை, கழுத்தருகில் வேண்டாம். நீளம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். இரண்டாவது, உடம்பில் உறுத்தாமல் இருக்க, தையல் விளிம்பு வெளியே தெரியும்படி போட்டுவிடு. பார்க்கிறவர்கள் திருப்பிப் போட்டிருக்கிறாயே என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தலையணை வேண்டாம். தொட்டிலைச் சுற்றி மெத்தைத் தடுப்பு வேண்டாம். பஞ்சு அடைத்த மெத்துப் போர்வையும் வேண்டாம். ஒரு வயதுவரை படுக்கையில் இவை எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. முகம் புதைந்தால் பிள்ளைக்குத் தானாக விலக்கிக்கொள்ளத் தெரியாது. அந்தத் தடுப்பு மெத்தையை விற்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை தைக்கச் சொல்லி உன் மாமியார் கேட்டால், மதுரை அத்தை வேண்டாம் என்றாள் என்று என் பெயரைப் போட்டுவிடு. விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டுப் பழக்கினால் தலை தட்டையாகாமல் இருக்க உதவும்.

கையுறை, காலுறை தைக்க ஆசையாக இருக்கும். சின்னதாக, அழகாக இருக்கும். உள்ளே தொங்குகிற ஒரு நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டால் விரல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். தைத்தே தீருவேன் என்றால் போடும் ஒவ்வொரு தரமும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நூலை நறுக்கு. நகத்தை வெட்டிவிட்டால் கையுறையே தேவையில்லை.

விளையாட்டுச் சாமானுக்கு அவசரமில்லை. பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும்; பால் குடிக்கும்போது உன் முகம் இருக்கிற தூரம். வேடிக்கை காட்ட வேண்டுமென்றால், வெள்ளைத் துணியில் கறுப்புத் துணியைக் கட்டம், வட்டம் என்று வெட்டி வைத்துத் தைத்து நாலு பக்கத்தில் ஒரு துணிப் புத்தகம் செய். கறுப்புச் சாயம் போகிறதா என்று முன்பே பார். பொத்தான், மணி, சமிக்கி எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கும் என்பது கணக்கு. வசம்பு வளையலின் மணிக்கும் அதே கணக்குதான். பொம்மைக்குக் கண் வேண்டுமென்றால் நூலால் தைத்துவிடு.

இத்தனை எழுதிவிட்டேன் என்று எல்லாவற்றையும் செய்ய உட்காராதே. பேட் பன்னிரண்டு, இடுப்புத் துணி இருபத்து நாலு, ஜப்லா ஆறு, அந்தப் பாதிச் சேலை. இவ்வளவுதான் பட்டியல். துணிப் புத்தகம் பிள்ளை பிறந்த பிறகு, நேரம் கிடைத்தால். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, பகல் வெளிச்சத்தில் தை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நட. உடம்பு முடியாத அன்று ஊசியைத் தொடாதே. கடையில் எல்லாமே கிடைக்கிறது, கையால் தைக்காத தாய் குறைந்த தாய் இல்லை. எட்டாம் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு பையில் போட்டு வை. துணிகளை மடிக்கும் முன் ஊசிகளை எண்ணிப் பார். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை தேடு.

இப்படிக்கு,
உன் அத்தை