கல்லாவுக்கு மேலே மாட்டிய லைசென்ஸ்

கேள்வி: பௌர்ணமிதோறும் குடும்பத்தோடு கிரிவலம் வருகிறோம். போன முறை திருவண்ணாமலையில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். மறுநாள் மகனுக்கு வயிற்றுப்போக்கு. கல்லாவுக்கு மேலே லைசென்ஸ் மாட்டியிருந்தார்கள். அந்தக் கடையை அதிகாரிகள் கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். லைசென்ஸ் வேறு, சோதனை அறிக்கை வேறு. லைசென்ஸிலுள்ள 14 இலக்க எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு கடைக்கான பதிவு. சமையற்கட்டு சுத்தமா என்பதை அந்த எண் சொல்லாது. நியூயார்க்கில் 2010 முதல் சோதனையில் கிடைத்த தரத்தை எழுத்தாக வாசலிலேயே ஒட்டுகிறார்கள். நம் ஊரில் ஓட்டல்களுக்குத் தூய்மை மதிப்பீடு என்று ஒரு திட்டம் இருக்கிறது. விருப்பமுள்ள கடைக்காரர் சேரலாம். விருப்பப்பட்டுச் சேர்கிறவரைப் பற்றி நமக்குக் கவலையே இல்லையே!

அறிக்கை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகக் கோப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடையின் பெயர், தெரு, லைசென்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் சோதனை நடந்த தேதிகள், அறிக்கை நகல், மேம்பாட்டு அறிவிப்பு தந்திருந்தால் அதன் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'கடை சுத்தமா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. 30 நாளில் பதில் தர வேண்டும். விசாரணையில் இருக்கும் வழக்கென்றால் மறுக்கவும் இடமுண்டு.

மேம்பாட்டு அறிவிப்பு என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. குறையைச் சொல்லி, சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தருவார்கள். திருந்தாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அப்படி ஓர் அறிவிப்பு கோப்பில் இருந்தாலே கடை மோசம் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு மறுசோதனை நடந்ததா என்று பாருங்கள், விஷயம் அங்கேதான்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் பார்த்த சமையற்கட்டு வேறு. பௌர்ணமி இரவு ஒரு மணிக்கு, மாலையில் வடித்த சோறும் கலந்த சட்னியும் ஆறிக் கிடக்கும் சமையற்கட்டு வேறு. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். இது அசைவக் கடைக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. ஆனாலும் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை மறக்க முடியாது: 2021 செப்டம்பரில் பிரியாணி சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். கடைக்குச் சீல் வைத்தார்கள், அதற்குப் பிறகு.

உங்கள் மகனுக்கு அந்த ஓட்டல் சாப்பாடுதான் காரணமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்; வழியில் குடித்த மோரும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். லைசென்ஸ் எண் அதிலும் இருக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் அன்றே உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் பில்லின் படத்தோடு புகார் அனுப்புங்கள்.