சித்திரை ஒன்றுக்கு ஊறப்போடு

திருப்பூர்,
மாசி மாதம்.

அன்புள்ள அம்மிணிக்கு, அப்பிச்சி எழுதுவது.

நம் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவின் விதையை உறையில் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அமுச்சி நெற்றைப் பறித்துக் காயவைத்து, பொட்டலமே கட்டிவிட்டாள். ஆனாலும் நான் அனுப்பவில்லை. 2019 டிசம்பரிலிருந்து, வெளிநாட்டு விதை ஐரோப்பாவுக்குள் போவதென்றால் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விதையோடு நோயும் பூச்சியும் ஊர் தாண்டிவிடும் என்பதால் போட்ட சட்டம் அது. நம் ஆசைக்காக அந்த ஊர் விவசாயிக்குக் கேடு வரக்கூடாது. அங்கேயே கடையில் வாங்கிக்கொள். பட்டாம்பூச்சிப் பட்டாணி என்று பொருள் வருகிற பெயரில் அங்கேயும் சங்குப்பூ விதை விற்கிறார்கள். சாயத் தண்ணீர் கிணற்றில் இறங்கி முல்லை பட்டுப்போன வருஷத்திலும் நம் வேலியில் நின்று பூத்த கொடி அது. உனக்கு அதன்மேல் ஆசை இருப்பது எனக்குப் புரியாமல் இல்லை.

மூன்று நாளாக நல்ல வெயில் அடிக்கிறது, இந்த வாரமே பால்கனித் தொட்டியில் மார்னிங் குளோரி விதை போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே, அம்மிணி. பனியன் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் நான் ஊட்டியில் ஒரு நாற்றங்காலில் வேலை பார்த்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஊரிலிருந்து கொண்டுபோன அவரை விதையைத் தை மாதத்தில் சுவரோரமாக ஊன்றினேன். பகலில் சுள்ளென்று வெயில் அடித்ததால் முளையும் வந்தது, கொடியும் ஒரு சாண் ஏறியது. ஓர் இரவு உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் அத்தனை இலையும் வெந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தது. அங்கிருந்த பெரியவர், "பகலைப் பார்த்து விதைக்காதே, ராத்திரியைப் பார்த்து விதை" என்றார். அன்றைக்கு மனதில் பதிந்த பாடம் இது.

நம் ஊரில் விதைப்பைத் தண்ணீர் முடிவு செய்கிறது. அதனால்தான் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம். நீ இருக்கிற ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாகில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கடைசி உறைபனி என்றைக்குப் போகிறது என்பதுதான் அங்கே கணக்கு. அதற்கு அந்த ஊர்க் குடியானவர்களும் ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். மே 11 முதல் 15 வரையான ஐந்து நாட்களும் அவர்களுக்குப் பனிப் புனிதர்களின் நாட்கள். கடைசி நாளுக்குக் குளிர்ந்த சோஃபி என்று பெயர். அவள் போகும்வரை குளிர் தாங்காத செடியை வெளியே நடமாட்டார்கள். எங்கள் கம்பெனிக்குத் துணி பார்க்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஒருமுறை இதைச் சொன்னார். கேட்டபோது நம் பஞ்சாங்கத்தையே யாரோ வேறு மொழியில் சொல்வதுபோல் இருந்தது.

இனி பனியன் கம்பெனிக் கணக்குதான். கப்பல் தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிப் பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங், நூல் என்று வருவோமே, அதேபோல் மே 15-லிருந்து பின்னோக்கி எண்ணு. மார்னிங் குளோரி வீட்டுக்குள் வளர நாலைந்து வாரம் போதும். அப்படி எண்ணினால் ஏப்ரல் 14, நம் சித்திரை ஒன்று வருகிறது. வைகாசி பிறக்கிறபோது அங்கே பனி போகிறது. ஆகவே சித்திரை முழுக்கக் கொடி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் பூக்கும் என்று எண்ணாதே. ஜன்னலோர வெளிச்சம் போதாமல் கொடி வெளுத்து நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரித்தால் ஒடியும்.

சங்குப்பூவுக்கு இன்னும் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பு இல்லாமல் அது முளைக்காது. பங்குனி பிறந்ததும் சமையலறையில் சூடான மூலையில் ஊன்று. வெளியே வைப்பது ஜூனில்தான், அதுவும் இரவுக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று தெரிந்த பிறகுதான். இரண்டு விதைக்குமே தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடு. வேரைத் தொட்டால் வாடுகிற இனங்கள் என்பதால் காகிதக் குழலில் மண் நிரப்பி முளைக்கவிட்டு, குழலோடு தொட்டியில் இறக்கு.

அதுவரை கை சும்மா இருக்காது என்றால் ஸ்வீட் பீ வாங்கு. ஊட்டியில் நான் மனம் பறிகொடுத்த பூ. அதற்குக் குளிர்தான் பிடிக்கும். லேசான உறைபனியைத் தாங்கும், கோடைச் சூட்டைத்தான் தாங்காது. மார்ச் மாதமே வெளித் தொட்டியில் ஊன்றலாம். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளு, பக்கக் கிளை வெடிக்கும். பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுகிற கொடி அது, மெல்லிய வலை கட்டு. பெயரில் பட்டாணி இருக்கிறதே என்று யாரும் விதையை வாயில் போடக்கூடாது, அது விஷம். மார்னிங் குளோரி விதையும் அப்படித்தான். உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளிடமும் சொல்லி வை.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குள் வளர்ந்ததை ஒரே நாளில் வெளியே தள்ளிவிடாதே. கட்டிங்குக்கு முன்னால் துணி ரோலைப் பிரித்து ஒரு நாள் ரிலாக்ஸ் ஆக விடுவோம், சின்ன வயதில் டேபிள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு பனியன் சுருங்கும். செடிக்கு அந்த அவகாசம் ஏழெட்டு நாள் வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிடு.

படிப்பு நடுவில் இதெல்லாம் எதற்கு என்று உன் அம்மா கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வருஷப் பிறப்பன்று குளித்துச் சாமி கும்பிட்டதும் ஒரு கிண்ணத்தில் பத்து மார்னிங் குளோரி விதை ஊறப்போட்டுவிட்டு எங்களுக்கு போன் பண்ணு. அமுச்சி காத்திருப்பாள்.

அன்புடன்,
அப்பிச்சி