மிகை வருமானமும் முதலீடும்

மாணவர்களே, சேமிப்பையும் முதலீட்டையும் ஒன்றெனக் கருதிப் பலர் விடை எழுதுகின்றனர். செலவு போக எஞ்சுவது சேமிப்பு. அதனை வருவாய் தரக்கூடிய ஒன்றில் இடுவதே முதலீடு.

பண்டத்தரிப்பிலிருந்து தினமும் யாழ்ப்பாண நகருக்குச் சென்று தனியார் நிறுவனமொன்றில் பணியாற்றும் இளம் கணக்காளர் ஒருவரைக் கொள்வோம். மாதச் சம்பளம் ரூபா 90,000. ஊழியர் சேமலாப நிதியத்திற்கு 8%, அதாவது ரூபா 7,200 கழிக்கப்பட்டு ரூபா 82,800 கைக்கு வரும். வீட்டுச் செலவு, பஸ் கட்டணம் முதலியன ரூபா 62,800 எனின் மிகை ரூபா 20,000. தொழில்தருநர் இந்நிதியத்திற்கு 12% உம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு 3% உம் செலுத்துவார். எனவே அவர் தனியே ஒரு சதமும் சேமிக்காவிடினும் மாதம் ரூபா 20,700 அவர் பெயரில் சேர்கின்றது. வேலையில் சேரும் போதே இவை செலுத்தப்படுகின்றனவா எனக் கேட்டறிதல் வேண்டும். பலர் கேட்பதில்லை.

மிகையில் முதலில் மூன்று மாதச் செலவுத் தொகையை (ரூபா 188,400) சேமிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோய், வேலையிழப்பு என்பன சொல்லிக்கொண்டு வருவதில்லை. நம் ஊர்களில் இதற்கென நகை வாங்கி வைப்பர். அவசரத்திற்கு அது உதவும். எனினும் விற்கும் போது செய்கூலி திரும்பக் கிடைக்காது. சீட்டு, சேமிக்கும் பழக்கத்தைத் தரும். ஆனால் சீட்டுப் பிடிப்பவரின் நாணயமே அதற்குரிய ஒரே பிணை.

அடுத்து மெய் வட்டியை நோக்குவோம். பரீட்சையில் அதிகம் தவறவிடப்படும் பகுதி இதுவே. ஒருவர் 2021 செப்டெம்பரில் ரூபா 100,000 ஐ 6% வட்டிக்கு ஓராண்டு நிலையான வைப்பிலிட்டார் எனக் கொள்க. 2022 செப்டெம்பரில் அவருக்கு ரூபா 106,000 கிடைக்கும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டின் பணவீக்கம் 69.8%. ஆகவே ரூபா 100,000 இற்கு வாங்கிய பொருட்களை வாங்க ரூபா 169,800 தேவை. அவரது பணத்தின் கொள்வனவு சக்தி பழைய விலையில் சுமார் ரூபா 62,400 மட்டுமே. வங்கிப் புத்தகத்தில் தொகை கூடியது. வாங்கும் பொருள் குறைந்தது. மறுபுறம், 2024 செப்டெம்பரில் பணவீக்கம் -0.5% ஆகியது. அத்தகைய காலத்தில் குறைந்த வட்டியும் மெய் வருவாய் தரும். எனவே வட்டி வீதத்தை மட்டும் பார்த்து இலாபம், நட்டம் எனத் தீர்மானித்தல் பிழையாகும்.

அதிக வட்டி தருவோரிடம் ஓடலாமா? கோல்டன் கீ நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமின்றி உயர் வட்டிக்குப் பணம் திரட்டி, 2008 டிசெம்பரில் வீழ்ச்சியடைந்தது. வைப்பாளர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்தில் ரூபா 1,100,000 வரை வைப்புக் காப்புறுதி உண்டு. திறைசேரி உண்டியல்கள் 91, 182, 364 நாட்களுக்கு வழங்கப்படுகின்றன, அரசே கடனாளி. பங்குகளுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. எனவே சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தையே அவற்றில் இடலாம்.

பயிற்சி வினா: ரூபா 200,000 ஐ 8% வட்டிக்கு ஓராண்டு வைப்பிலிட்ட ஒருவர், அவ்வாண்டின் பணவீக்கம் 11% எனின், உண்மையில் இலாபமடைந்தாரா? கணிப்புடன் விளக்குக.