புது வீட்டில் பிள்ளைகள்



குடி மாறி வந்த வீட்டில் பெரியவர்களுக்கு நூறு வேலை. தட்டுமுட்டுச் சாமான்களை ஒழுங்கு செய்ய வேண்டும், தண்ணீர் எந்நேரம் வருமென்று விசாரிக்க வேண்டும், ரேஷன் கார்டை மாற்ற வேண்டும், வேலைக்குப் போக எந்த பஸ் என்று கேட்டறிய வேண்டும். இந்தச் சந்தடியில் மூலையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? "சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும்" என்கிறோம். அது அப்படி மறப்பதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரையிலும், பின்னர் கூவக்கரையிலும் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்து எட்டடுக்கு வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டதை அறிவீர்கள். அநேகர் பள்ளிக்கூட ஆண்டின் நடுவிலே வந்தார்கள். அவர்களில் ஒரு வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. சாமான் ஏற்றிய லாரியருகே அவன் அழுதபோது தாய், "பத்து நாள்தான் கண்ணு, திரும்பி வந்துடலாம்" என்று தேற்றினாள். பாவம், அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். பதினோராம் நாள் பையனைக் காணவில்லை. எங்கெல்லாமோ தேடி, இருட்டுகிற வேளையில் ஆற்றங்கரையில் அவர்கள் வீடு இருந்த மண்மேட்டின்மேல் கண்டுபிடித்தார்கள். "அம்மா பத்து நாள்னு சொல்லிச்சே" என்றானாம்.

இதில் எனக்கும் பங்குண்டு. அதற்கு முந்தின வாரம் அந்த வீட்டை மந்திரிக்கப் போனவன், அவன் தலையைத் தடவி, "எவ்வளவு நல்ல வீடு பார்த்தாயா, மழை பெய்தால் இனி ஒழுகாது, ஆறு உள்ளே வராது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் பதில் சொல்லவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் சொன்ன இரண்டுமே அவனுக்கு உதவவில்லை. தாய் சொன்னது பொய். நான் சொன்னது மெய்தான், ஆனாலும் அவன் துக்கத்திற்குச் சம்பந்தமில்லாத மெய். பிள்ளை இழந்தது ஒழுகின கூரையை அன்று. அடுத்த வீட்டுக் கூட்டாளியையும், தன் தெருவையும், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் தப்பாத வழியையும் இழந்தது. ஆகையால் முதலாவது, பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "திரும்பிப் போகமாட்டோம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லத் தகப்பன்மார் கூச்சப்பட வேண்டாம். அழுதால் அழட்டும். பழைய இடத்தைப் பற்றிப் பேசினால் வாயை அடைக்காதீர்கள்.

நமது ஆண்டவரே குழந்தைப் பருவத்தில் வீடு மாறினவர். ஞானிகள் அவரைக் கண்டது ஒரு வீட்டில் என்று அர்ச். மத்தேயு எழுதுகிறார். அந்த வீட்டை விட்டு இரவோடிரவாக எஜிப்து தேசத்துக்குப் போனார்கள்; பிறகு யூதேயாவில் ஏரோதுவின் மகன் ஆளுகிறான் என்று அஞ்சி நாசரேத்தூருக்குப் போனார்கள். 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1952-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி குடிபெயர்ந்தோரைக் குறித்து வெளியிட்ட நிருபத்தில், அகதிகளான குடும்பங்களுக்கெல்லாம் மாதிரி இந்தத் திருக்குடும்பமே என்றார். எஜிப்தில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சுவிசேஷம் ஒன்றும் சொல்லவில்லை. சூசையப்பரும் தேவதாயும் கூட இருந்தார்கள்; குழந்தைக்கு அது மாறவில்லை.

நம் வீடுகளிலும் மாறாமல் வைக்கக்கூடியது சில உண்டு. சாமான் கட்டு அவிழ்க்குமுன் பாடுபட்ட சுரூபத்தையும் மாதா படத்தையும் எங்கே வைப்பதென்று பிள்ளையையே கேளுங்கள். முதல் இரவிலிருந்தே பழைய நேரத்தில் செபமாலை சொல்லுங்கள். பழைய வீட்டில் எந்த வரிசையில் படுத்தீர்களோ அதே வரிசையில் பாய் விரியுங்கள். பழைய போர்வையைக் கந்தல் என்று எறியாதீர்கள். புதிது வாங்க இன்னும் சில மாதம் பொறுக்கலாம். சின்னவர்கள் சிலர் மறுபடி படுக்கையை நனைப்பார்கள், தாயின் முந்தானையை விடமாட்டார்கள். அதற்காக அடிக்க வேண்டாம். சில வாரங்களில் தணிந்துவிடும். மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டடுக்கு வீடுகளில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. பிளாக் எண், கதவு எண், தகப்பனின் போன் எண் இம்மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லப் பழக்குங்கள். வழி தவறின பிள்ளைக்கு 1098 என்ற எண்ணில் உதவி கிடைக்கும் என்றும் சொல்லி வையுங்கள். பள்ளிக்குப் போகும் வழியில், பள்ளி துவங்குமுன் இரண்டு தடவை கூட நடந்து காட்டுங்கள்.

பள்ளி விஷயத்தில் அசட்டை செய்யாதீர்கள். "டி.சி. வரட்டும், அடுத்த ஜூனில் சேர்க்கலாம்" என்று வீட்டில் வைத்திருக்கிற பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போகாமலே நின்றுபோவதுண்டு. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை வேறு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறக் கேட்டால் பழைய பள்ளித் தலைமையாசிரியர் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதம் என்று சொல்லிப் புதுப் பள்ளியில் இடம் மறுக்கவும் கூடாது. மறுத்தால் அறைவீட்டுக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன்.

அந்தப் பையனின் தகப்பன் பிறகு செய்தது எனக்குப் பிடித்தது. ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் அவனை ஆற்றங்கரைக்குத் தானே அழைத்துப் போனார். வீடு இருந்த இடத்தில் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பழைய பக்கத்து வீட்டாரைக் கண்டு பேசினார்கள். பையன் ஓர் ஓட்டுத் துண்டைப் பொறுக்கி வந்து மாதா படத்தின் கீழே வைத்தான். "குப்பையைக் கொண்டுவந்து எங்கே வைக்கிறான் பாருங்க சாமி" என்று தாய் என்னிடம் முறையிட்டாள். இருக்கட்டும் அம்மா என்றேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. இங்கேயே நிலையாய்த் தங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள், வந்த நாள்முதல் இந்தப் பங்கின் மக்களே. வருஷம் ஆகட்டும் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். புதுநன்மைக்குப் பாதி ஆயத்தமாயிருந்த பிள்ளைகள் எதுவரை படித்தார்கள் என்று பழைய பங்கு உபதேசியாரிடம் எழுதி வாங்கி, ஞானஸ்நானச் சீட்டுடன் கொண்டுவாருங்கள். சீட்டு கிடைக்கத் தாமதமானாலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.