உண்ட உணவு உடம்பாகும் வகை

பசறையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் தெருவில், லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, நாள்தோறும் உண்டும் உடல் வெளுத்து, மலையேற்றத்தில் நாலடி வைத்த மாத்திரத்தே மூச்சு வாங்கி நிற்கும் தாய்மாரைக் காண்கின்றோம். “சாப்பிடத்தான் செய்கிறோம், உடம்பில் ஒட்டவில்லை” என்பர் அவர். அக்கூற்றுப் பொருளற்றதன்று. உண்டல் வேறு, உண்டது உடம்பாதல் வேறு. வாய் தொடங்கி எருவாய் ஈறாகச் செல்வது நெடியதொரு குழாய். அதனுள்ளே கிடக்கும் உணவு, உண்மையை நோக்குமிடத்து, இன்னும் உடம்பிற்குப் புறம்பானதே. குழாயின் சுவரைக் கடந்து உதிரத்திற் கலந்த பின்னரே அது நம்முடையதாகும். இவ்வித்தை தமிழுக்குப் புதிதுமன்று. மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் கிறீன், மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலை 1872இல் வெளியிட்டனர்.

சமிபாடு வாயிலே தொடங்குகின்றது. ஐயுறும் மாணாக்கர் ஒரு துண்டு ரொட்டியைச் சம்பலின்றி இரண்டு நிமிடம் மென்று பார்ப்பாராக. முன்னில்லாத இனிப்பு மெல்லத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கியமையே அதற்குக் காரணம். பெரட்டுக்கு நேரமாயிற்றென்று மெல்லாது விழுங்குவார், பல்லின் வேலையையும் இரைப்பையின் மேற் சுமத்துகின்றனர்.

விழுங்கிய கவளம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள களத்தின் வழியே இறங்கும். அது பாரத்தால் விழுவதன்று. தசைகள் அலையலையாய்ச் சுருங்கித் தள்ளுவதனாற் செல்வது.

இரைப்பையினுள் நிகழ்வதை மனிதர் கண்ணாற் கண்ட வரலாறு வியக்கத்தக்கது. 1822இல் வட அமெரிக்காவிலே, அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞன் வெடிபட்டு வீழ்ந்தான். புண் ஆறியும், இரைப்பைக்குச் சென்ற துவாரம் மூடவில்லை. வைத்தியர் வில்லியம் போமன்ற் இறைச்சித் துண்டுகளைப் பட்டுநூலிற் கட்டி அதனூடே இறக்கி, வேளைக்கு வேளை எடுத்துப் பார்த்தனர். இரைப்பைநீரைப் புறத்தே ஒரு பாத்திரத்தில் வைத்து வெம்மையூட்டியபோது அங்கும் இறைச்சி கரைந்தது. ஆகவே இரைப்பை வெறும் ஆட்டுக்கல்லன்று; அதன் புளித்தநீரே பெருவேலை செய்வது என்பது தெளிவாயிற்று. 1833இல் அவர் இதனை நூலாக்கினர். புகழ் வைத்தியர்க்காயிற்று; பசியும் நோவும் பொறுத்தவன் அவ்விளைஞனே.

இரைப்பையிற் கூழான உணவு சிறுகுடலிற் புகும். நீளம் ஏறக்குறைய 6 மீற்றர். பெயர் மாத்திரமே சிறிது. அதன் முற்பகுதியில் ஈரல் தந்த பித்தமும் சதையியின் நீரும் வந்து கலக்கின்றன. பித்தம் கொழுப்பை நுண்டுளிகளாகச் சிதறடிக்கும். சதையிநீர் மா, புரதம், கொழுப்பு மூன்றையும் பிரிக்கும். குடலின் உட்சுவரோ, பூந்துவாலை போன்று எண்ணிறந்த சடைமுளைகள் நிறைந்தது. பிரிவுற்ற சத்துக்கள் இம்முளைகளின் வழியே உட்சென்று, சர்க்கரையும் புரதச்சத்தும் உதிரத்திலும், கொழுப்பிற் பெரும்பகுதி நிணநீரிலுஞ் சேரும். எஞ்சியதிலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி, முன் கூறிய தாய்மாரிடத்து வருவாம். உதிரத்தின் செம்மைக்கு வேண்டிய இரும்புச்சத்து உட்புகும் வாயில் சிறுகுடலின் முற்பகுதியே. ரொட்டியோடும் கீரையோடும் உடனே சாயத்தண்ணீர் குடிப்பின், தேயிலையிலுள்ள துவர்ப்புப்பொருள் அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு உட்புகவொட்டாது தடுக்கும். தேயிலையாற் பிழைக்கும் ஊரில் இதனைச் சொல்வது சற்றே சங்கடந்தான். தேநீரை விடுக என்கின்றோமல்லேம். உண்டு ஒரு மணிநேரங் கழித்துக் குடிப்பது நன்று. வல்லாரைச் சம்பலிற் பிழியும் தேசிக்காயோ இதற்கு மாறாக, இரும்பு உட்புகத் துணைபுரியும்.

மற்றொரு பகை கொளுக்கிப்புழு. அது சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு உதிரத்தைக் குடிப்பது. புழு பலவாயின், உண்பது பெருகினும் வெளுப்பு மாறாது. அது வாயாலன்றித் தோலாலும் புகுமென்பதை எகிப்திலிருந்த ஆர்தர் லூஸ், தம் கையிற் சிந்திய புழுநீரால் தாமே நோயுற்று அறிந்து, 1898இல் வெளியிட்டனர். அசுத்த நிலத்தில் வெறுங்காலோடு நடப்பார் பாதத்திற் புகும் இளம்புழு, உதிரவழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கேறி, விழுங்கப்பட்டுக் குடலிற் குடியேறும். இலங்கைத் தோட்டங்களில் இந்நோய் மிக்கிருந்தமையின், 1916இல் ரொக்பெல்லர் தாபனத்தார் அதனை ஒழிக்கும் வேலையை இங்கே தொடங்கினர். புழுவைக் கொல்லும் மாத்திரை இன்று எளிதிற் கிடைக்கின்றது. எனினும் மலசலகூடமின்றி நிலம் அசுத்தப்படும் லயத்திலே, மாத்திரை உண்டவர் காலிலும் அது சின்னாளில் மீண்டும் ஏறும்.