மீட்டுவோன் இல்லாத இசை

இசை ஒன்று எழுந்தால் அதனை எழுப்புவோன் ஒருவன் இருத்தல் வேண்டும். அவ்வாறே உலகிற்கும் ஒரு கர்த்தா உண்டு என்று நம்மிடம் வாதிடுவோர் பலர். அன்பர்களே, காற்று யாழைக் கொண்டு இவ்வாதத்தை ஆராய்வோம்.

நீண்ட மரப்பெட்டியின்மீது, வெவ்வேறு பருமனுள்ள நரம்புகளை ஒரே சுருதியில் கட்டிக் காற்று வரும் சாளரத்தில் வைத்தால் அது தானே ஒலிக்கும். கிர்ச்சர் என்னும் ஐரோப்பியப் பாதிரியார் 1650இல் வெளியிட்ட இசை நூலில் இக்கருவியை விவரித்துள்ளார். ஒலி பிறப்பது எங்ஙனம்? கம்பியில் மோதிய காற்று இரு கூறாய்ப் பிரிந்து, கம்பியின் பின்னே இருபுறமும் மாறி மாறிச் சுழல்களாய்க் கழல்கிறது. அச்சுழல்களே ஒலியை எழுப்புவன. காற்று விரைந்தால் சுருதி ஏறும், கம்பி பருத்தால் இறங்கும் என்பதை 1878இல் ஸ்ட்ரூஹால் என்னும் செக் அறிஞர் அளந்து காட்டினார். 1 மில்லிமீட்டர் கம்பியில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்றுப் பட்டால், விநாடிக்கு ஏறத்தாழ 1,000 அதிர்வுகள் எழும். தந்திக் கம்பிகளின் ரீங்காரமும் இதுவே. அதனைப் பேயின் ஓலம் என்று கூறி இளமையில் நம்மை அஞ்சுவித்தனர்!

இனி, ஒலி இருந்தது கம்பியிலா, காற்றிலா? சம்யுத்த நிகாயத்தில் பகவன் ஓர் அரசனைப் பற்றிக் கூறுகிறார். வீணையொலியில் மயங்கிய அவன் அவ்வொலியையே கொணரச் சொன்னான். வீணையைத்தான் கொணர்ந்தனர். அதனைப் பிளந்தான், எரித்தான், சாம்பலையும் தூற்றினான். ஒலி அகப்படவில்லை. பல காரணங்கள் கூடியபோது தோன்றியது, அவை பிரிந்தபோது இல்லை. அந்த வீணைக்கேனும் விரல் ஒன்று வேண்டும். காற்று யாழுக்கு அதுவும் வேண்டா.

பௌத்த உலகம் இவ்வொலியை நெடுங்காலமாய் அறியும். சீனத்து லோயாங் நகரில் 516இல் எழுந்த யோங்நிங் விகாரைக் கோபுரத்தில் தொங்கிய பொன்மணிகள் காற்றில் அசைந்து வெகுதொலைவு கேட்டன என்று யாங் சுவான்சி எழுதி வைத்தார். 534இல் அக்கோபுரம் தீக்கிரையாயிற்று. கோயில் மணியைத் தொடவும் தகாதவரென வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் நம் முன்னோர். லோயாங்கின் மணிகளை அடித்ததோ காற்று. அதன் குலத்தை எவர் வினவுவார்?

நம் காலத்திலும் இது தொடர்கிறது. இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் பழைய பருத்தி நெசவு நகருக்கு மேலுள்ள குன்றில், துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களை மரவடிவில் அடுக்கி 2006இல் நிறுத்தினர். அதன் உயரம் 3 மீட்டர். காற்று புகுந்தால் குழாய்கள் ஒலிக்கும். தறி இரைச்சலில் காது மரத்த நமக்கு அவ்வொலியைக் கேட்க ஆவலுண்டு.

இளைஞர்கள் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் கம்பிகளை இழுத்துக் கட்டி, அடுத்த உபோசத நாளன்று கொணர்க. மாடியில் வைத்துப் பார்ப்போம்.